திருச்சுழியில் ஒரு குழந்தை. லைப்சிக்கில் ஒரு சாஸ்திரம்!

மார்கழி மாதம். திருவாதிரை இரவு.

திருச்சுழி கோவிலில் இருந்து புறப்பட்ட நடராசர், வீதி உலா முடிந்து கோவிலுக்குத் திரும்பிக்கொண்டு இருந்தார். நள்ளிரவு தாண்டிவிட்டது. பனி கொட்டியது.

அந்த வேளையில், கோவிலுக்கு அருகில் உள்ள ஒரு வீட்டில் ஆண் குழந்தை பிறந்தது. தந்தை பெயர் சுந்தரம் அய்யர். உள்ளூர்க் கச்சேரியில் வழக்காடி வந்தவர். தாய் பெயர் அழகம்மாள். குழந்தைக்கு வெங்கடராமன் என்று பெயர் வைத்தார்கள்.

அன்று தேதி 1879 டிசம்பர் 30.

அதே குளிர்காலம். பல ஆயிரம் மைல்களுக்கு அப்பால், ஜெர்மனி நாட்டில் லைப்சிக் என்று ஒரு நகரம். அங்கே உள்ள பல்கலைக்கழகத்தில் ஒரு பேராசிரியர், மாணவர்களுடன் ஒரு சிறிய அறையில் உட்கார்ந்து இருந்தார். மேஜை மீது நுட்பமான கடிகாரங்கள். தந்தி அடிக்கும் கருவியில் இருப்பது போன்ற விசைகள்.

பேராசிரியர் பெயர் வில்ஹெல்ம் வுண்ட். அவர் எதை அளந்துகொண்டு இருந்தார், தெரியுமா?

மனத்தை!

திருச்சுழியில் பிறந்த குழந்தைதான் பிற்காலத்தில் ரமண மகரிஷி. லைப்சிக் அறையில் பிறந்தது ஒரு புதிய சாஸ்திரம். அன்று அதை மனோதத்துவம் என்றார்கள். இன்று உளவியல் என்கிறோம். கல்லூரிகளில் உளவியல் படிக்கும் மாணவர்களுக்கு முதல் பாடத்திலேயே 1879 என்ற ஆண்டைச் சொல்லிக் கொடுப்பார்கள்.

குழந்தைக்கு அந்தப் பேராசிரியரைத் தெரியாது. பேராசிரியருக்குத் திருச்சுழி எங்கே இருக்கிறது என்றே தெரிந்திராது. ஆனால், இருவரும் தேடியது ஒன்றைத்தான்.

மனம் என்பது என்ன? அதை எப்படிப் பார்ப்பது?

கானல் நீர் சொல்லும் பாடம்

"மனத்தை யாராவது பார்க்க முடியுமா?" என்று கேட்கலாம்.

சித்திரை மாதத்து நண்பகலில், அருப்புக்கோட்டையில் இருந்து கிழக்கே திருச்சுழிக்குப் போகும் சாலையில் நின்று பாருங்கள். இரு பக்கமும் வெடித்துக் கிடக்கும் கரிசல் மண். ஆங்காங்கே பனைமரங்கள். மற்றபடி, கண்ணுக்கு எட்டிய தூரம் சீமைக் கருவேல மரங்கள். கண்மாய்கள் வறண்டு கிடக்கும்.

ஆனால், தூரத்தில் சாலையின் மேல் தண்ணீர் பளபளக்கும்!

கிட்டப் போனால் தண்ணீர் இருக்காது. அது கானல் நீர். சின்னப் பிள்ளைக்கும் இது தெரியும். "அது தண்ணீர் இல்லை" என்று நன்றாகத் தெரிந்த பிறகும், கண்ணுக்குத் தண்ணீராகவே தெரிகிறதே, அது ஏன்?

தரையை ஒட்டி உள்ள காற்று கொதிக்கிறது. வானத்தில் இருந்து வரும் ஒளி, அந்தச் சூடான காற்றில் வளைந்து நம் கண்ணுக்கு வருகிறது. கண் செய்யும் வேலை, அந்த ஒளியை வாங்கிக்கொள்வது மட்டுமே. "தரையில் வானம் தெரிகிறது, அப்படியானால் அங்கே தண்ணீர் இருக்கிறது" என்று முடிவு செய்வது மனம். நிறைந்த கண்மாயில் வானத்தைப் பார்த்துப் பார்த்துப் பழகிய மனம், நம்மைக் கேட்காமலே அப்படித் தீர்ப்புச் சொல்லிவிடுகிறது.

நாம் அறியாமலே மனம் இப்படி முடிவு கட்டுகிறது என்று 19-ம் நூற்றாண்டிலேயே சொன்னவர், ஜெர்மன் விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸ். வுண்ட் இளம் வயதில் அவரிடம் உதவியாளராக வேலை பார்த்தவர்.

கண் பார்ப்பது வேறு. மனம் பார்ப்பது வேறு. உளவியலில் முதல் பாடம் இதுதான்.

ஒரு வினாடியில் மனம்

வுண்ட் என்ன செய்தார்?

ஒரு மாணவரை உட்கார வைத்தார். "வெளிச்சம் தெரிந்த உடனே விசையை அழுத்துங்கள்" என்றார். வெளிச்சம் தோன்றுவதற்கும், விரல் அசைவதற்கும் இடையே உள்ள நேரத்தைக் கடிகாரம் காட்டியது. சுமார் ஐந்தில் ஒரு பங்கு வினாடி.

அடுத்து, "என்ன நிறம் என்று தெரிந்த பிறகு அழுத்துங்கள்" என்றார். இந்த முறை நேரம் கொஞ்சம் கூடியது.

முதல் நேரத்தை இரண்டாவது நேரத்தில் இருந்து கழித்தால் என்ன மிச்சம்? நிறத்தை அடையாளம் கண்டுகொள்ள மனம் எடுத்துக்கொண்ட நேரம்!

அதுவரை மனத்தைப் பற்றித் தத்துவ ஞானிகள் பேசினார்கள், கவிஞர்கள் பாடினார்கள். மனத்தின் வேலையைக் கடிகாரம் வைத்து அளக்க ஓர் ஆய்வுக்கூடமே அமைத்தவர் வுண்ட்.

அவர் வேறொன்றும் செய்தார். பயிற்சி பெற்ற மாணவர்களிடம், "இப்போது உங்கள் மனதில் என்ன தோன்றுகிறது? உள்ளே பார்த்துச் சொல்லுங்கள்" என்றார். மனமே மனத்தைப் பார்ப்பது! இந்த முறைக்கு அகநோக்கு என்று பெயர்.

லைப்சிக் அறையில் இந்த முறை சோதிக்கப்பட்ட காலத்தில், திருச்சுழிச் சிறுவன் தெருவில் விளையாடிக்கொண்டு இருந்தான்.

தறியில் ஒரு பாடம்

அருப்புக்கோட்டை நெசவுக்குப் பெயர் போன ஊர். கைத்தறி ஓடும் ஒரு வீட்டுக்குள் போய்ப் பாருங்கள்.

நெசவாளியின் கால் மிதியை மிதிக்கிறது. கை இழுக்க, நாடா இந்தப் பக்கத்தில் இருந்து அந்தப் பக்கம் பாய்கிறது. அவர் வாயோ, பக்கத்து வீட்டுக்காரரிடம் மகள் கல்யாணத்தைப் பற்றிப் பேசிக்கொண்டு இருக்கிறது! கையையும் காலையும் அவர் கவனிப்பதே இல்லை.

திடீரென்று ஓர் இழை அறுந்தது. பேச்சு நின்றது. கண் இழைக்குப் போனது. அறுந்த நுனியைத் தேடிப் பிடித்து முடிந்த பிறகுதான், "எங்கே விட்டேன்?" என்று பேச்சு மறுபடி தொடங்குகிறது.

இதில் உளவியலின் இரண்டு பாடங்கள் இருக்கின்றன.

ஒன்று, பழக்கம். முதல் நாள் தறியில் உட்கார்ந்தவனுக்கு ஒவ்வோர் அசைவையும் யோசித்துச் செய்ய வேண்டி இருந்தது. பழகப் பழக, வேலையைக் கையும் காலும் எடுத்துக்கொண்டன. மனம் விடுதலை ஆனது.

இரண்டு, கவனம். மனம் ஒரு நேரத்தில் எல்லாவற்றையும் பார்ப்பது இல்லை. டார்ச் விளக்கைப் போல, ஓர் இடத்தில்தான் வெளிச்சம் போடும்.

அமெரிக்கப் பேராசிரியர் வில்லியம் ஜேம்ஸ், 1890-ம் ஆண்டில் வெளியிட்ட பெரிய நூலில் பழக்கத்துக்கும் கவனத்துக்கும் தனித்தனி அத்தியாயங்களே எழுதினார். நல்ல பழக்கத்தை இளமையிலேயே ஏற்படுத்திக்கொண்டால், அது வாழ்நாள் முழுவதும் வட்டி தரும் முதல் என்பது அவர் கருத்து.

படித்தது ஏன் மறக்கிறது?

"விடிய விடியப் படித்தான். பரீட்சையில் எல்லாம் மறந்துவிட்டது!"

இப்படிச் சொல்லாத தாய் இல்லை. மறதியையும் ஒருவர் அளந்து பார்த்தார். அவர் பெயர் எபிங்காஸ். ஜெர்மனியைச் சேர்ந்தவர். சோதனைக்கு வேறு ஆள் கிடைக்கவில்லையோ என்னவோ, தன்னையே சோதனைக்கு வைத்துக்கொண்டார்!

அர்த்தமே இல்லாத அசைகளை வரிசையாக எழுதி மனப்பாடம் செய்தார். எவ்வளவு நேரம் கழித்து எவ்வளவு மறக்கிறது என்று கணக்குப் போட்டார். 1885-ல் முடிவை வெளியிட்டார்.

ஒரு மணி நேரத்தில் பாதிக்கு மேல் போய்விட்டது. ஒரு நாளில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது. அதன் பிறகு மறதியின் வேகம் குறைந்தது. எஞ்சியது மெல்ல மெல்லத்தான் கரைந்தது.

ஒரே மூச்சில் படிப்பதைவிட, அதே நேரத்தைப் பிரித்து நாள் விட்டு நாள் படித்தால் நன்றாக நினைவில் நிற்கிறது என்றும் அவர் கண்டார். ஒரே நாளில் கொட்டும் மழை கரிசலில் வழிந்து ஓடிவிடும். விட்டு விட்டுப் பெய்யும் மழைதான் ஊறி நிற்கும். படிப்பும் அப்படித்தான்.

திருச்சுழிச் சிறுவன் வெங்கடராமனுக்கு நல்ல நினைவாற்றல் இருந்தது. பாடத்தை ஒரு முறை கேட்டால் திருப்பிச் சொல்லிவிடுவான் என்று அவனது வரலாற்றை எழுதியவர்கள் கூறுகிறார்கள். ஆனால், படிப்பில் அவனுக்கு நாட்டம் இல்லை. விளையாட்டில்தான் நாட்டம்.

இன்னொரு விசேஷமும் உண்டு. அவன் தூங்கினால் எழுப்ப முடியாது! கூட்டாளிகள் அவனைத் தூக்கிக்கொண்டு போய், அடித்து விளையாடிவிட்டு, திரும்பக் கொண்டுவந்து படுக்க வைப்பார்களாம். காலையில் மற்றவர்கள் சொன்னால்தான் அவனுக்குத் தெரியும்.

மாடி அறையில் அரை மணி நேரம்

1892-ல் சுந்தரம் அய்யர் காலமானார். வெங்கடராமனுக்கு அப்போது 12 வயது. குடும்பம் பிரிந்தது. அவனும், அண்ணன் நாகசாமியும் மதுரையில் சிற்றப்பா சுப்பய்யர் வீட்டில் தங்கிப் படித்தார்கள். அமெரிக்க மிஷன் உயர்நிலைப் பள்ளியில் வெங்கடராமன் சேர்ந்தான்.

1896-ம் ஆண்டு, ஜூலை மாதத்தின் நடுவில் ஒரு நாள். வீட்டின் மாடி அறையில் அவன் தனியாக உட்கார்ந்து இருந்தான். வயது 16. உடம்பில் ஒரு நோயும் இல்லை.

திடீரென்று, "நான் சாகப் போகிறேன்!" என்ற பயம் அவனைப் பிடித்துக்கொண்டது.

காரணம் தெரியவில்லை. ஆனால் பயம் உண்மையானது. வேறு பையனாக இருந்தால் என்ன செய்திருப்பான்? அலறிக்கொண்டு கீழே ஓடி இருப்பான்.

வெங்கடராமன் ஓடவில்லை. யாரையும் கூப்பிடவில்லை. "இதற்கு நானே விடை காண வேண்டும்" என்று தோன்றியது.

"சாவு வந்துவிட்டது. சரி, சாவு என்றால் என்ன? சாகிறது எது?"

கையையும் காலையும் நீட்டிப் பிணம் போலப் படுத்தான். உதடுகளை இறுக மூடினான். மூச்சை அடக்கினான். "இந்த உடம்பு செத்துவிட்டது. இதைத் தூக்கிப் போய்ச் சுட்டுவிடுவார்கள். இதோடு நானும் செத்துவிட்டேனா? இந்த உடம்புதான் நானா?" என்று தனக்குள்ளே கேட்டான்.

உடம்பு அசையாமல் கிடந்தது. ஆனால், "நான்" என்ற உணர்வு தெளிவாக இருந்தது. உடம்பு வேறு, நான் வேறு என்று அவன் கண்டான். நிகழ்ச்சி முழுவதும் அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிட்டது. மரண பயம் அதன் பிறகு அவனிடம் திரும்பி வரவே இல்லை.

அன்று முதல் பள்ளிக்கூடப் பாடத்தில் மனம் செல்லவில்லை. பாடம் செய்யாததற்குத் தண்டனையாக, ஆங்கில இலக்கணப் பாடத்தை மூன்று முறை எழுதும்படி வாத்தியார் சொல்லி இருந்தார். இரண்டு முறை எழுதியவன், மூன்றாவது முறை எழுதாமல் நோட்டை மூடிவைத்தான். அண்ணன் கடிந்துகொண்டார். 1896 ஆகஸ்டு 29 அன்று வீட்டை விட்டுப் புறப்பட்டவன், செப்டம்பர் 1 அன்று திருவண்ணாமலை போய்ச் சேர்ந்தான்.

தாய் அழகம்மாளின் வேதனையைச் சொல்லவா வேண்டும்? மகன் இருக்கும் இடம் தெரிந்து, 1898-ல் தேடிப் போனார். வீட்டுக்கு வரும்படி கண்ணீர் விட்டு அழுதார். மகன் திரும்பவில்லை. பிறகு 1916-ல் தாயே மகனிடம் போய்ச் சேர்ந்தார். கடைசி வரை அங்கேயே இருந்தார்.

பயம் என்றால் என்ன?

வெங்கடராமனுக்கு நடந்தது ஆன்மிக அனுபவம். அதை அளக்கும் கருவி எந்த ஆய்வுக்கூடத்திலும் இல்லை. ஆனால், பயத்தைப் பற்றி உளவியல் நிறையக் கண்டுபிடித்து இருக்கிறது.

காட்டு வழியில் போகும்போது காலடியில் ஏதோ நெளிகிறது. அது பாம்பா, கயிறா என்று பார்ப்பதற்கு முன்பே நெஞ்சு படபடக்கிறது. வியர்க்கிறது. வாய் உலர்கிறது. கால் துள்ளிவிடுகிறது. ஆபத்தில் ஓடவோ எதிர்த்து நிற்கவோ உடம்பு தயார் ஆகிறது என்று, 1915-ல் வெளியிட்ட நூலில் அமெரிக்க மருத்துவ விஞ்ஞானி வால்டர் கேனன் விளக்கினார். பயம் உயிரைக் காக்கும் காவல்காரன்!

தொல்லை எங்கே வருகிறது? பாம்பே இல்லாதபோதும் காவல்காரன் கூச்சல் போட்டால், அதுதான் தொல்லை. பரீட்சை மண்டபத்தில், கூட்டத்தில், இருட்டில், சிலருக்குக் காரணமே இல்லாமல், நெஞ்சு அடித்துக்கொள்கிறது. "இதோ, உயிர் போகப் போகிறது" என்று தோன்றுகிறது. இது பொய் நடிப்பு அல்ல. பேய் பிடித்ததும் அல்ல. பலருக்கும் வருவதுதான்.

பயம் ஒட்டிக்கொள்ளவும் செய்யும். வெள்ளைக் கோட்டுப் போட்ட டாக்டர் ஊசி போட்டார். குழந்தைக்கு வலித்தது. பிறகு, வெள்ளைக் கோட்டுப் போட்ட யாரைக் கண்டாலும் குழந்தை அழுகிறது. மணி அடித்துச் சோறு போட்டுப் பழக்கினால், மணிச் சத்தம் கேட்டாலே நாய்க்கு வாய் ஊறும். ரஷ்ய விஞ்ஞானி பாவ்லோவ் கண்டறிந்த உண்மைதான் இதுவும்.

ஒட்டிக்கொண்ட பயத்தைப் பிரிக்க முடியுமா?

முடியும் என்று காட்டியவர் ஒரு பெண்மணி. அமெரிக்காவைச் சேர்ந்த மேரி கவர் ஜோன்ஸ். பீட்டர் என்ற சின்னப் பையனுக்கு முயலைக் கண்டால் பயம். அவன் ஆசையாகத் தின்பண்டம் சாப்பிடும் வேளையில், கூண்டில் இருந்த முயலைத் தூரத்தில் வைத்தார். அவன் அழாத தூரம் எதுவோ, அந்தத் தூரத்தில். அடுத்தடுத்த நாட்களில் கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டக் கொண்டுவந்தார். கடைசியில் பீட்டர் முயலைத் தடவிக் கொடுத்தான்! 1924-ல் இதை அவர் எழுதி வெளியிட்டார். பயத்தைப் போக்க இன்று நிபுணர்கள் செய்யும் சிகிச்சைகளுக்கு இது ஒரு முன்னோடி.

பிள்ளையைக் கேலி செய்யவில்லை. அடிக்கவில்லை. முயலைத் திடீரென்று மடியிலும் போடவில்லை. தாங்கும் தூரத்தில் இருந்து மெல்லப் பார்க்க வைத்தார். அவ்வளவுதான்.

ஓடினால் பயம் துரத்தும்; நின்று பார்த்தால் சிறுத்துப்போகும். பதினாறு வயதில் தனியாக அப்படிப் பார்க்க எல்லாராலும் ஆகாது. பக்கத்தில் ஒருவர் துணை இருந்தால், பெரும்பாலோரால் ஆகும்.

உள்ளே பார்ப்பதா, வெளியே பார்ப்பதா?

வுண்டின் அகநோக்கு முறைக்கு என்ன ஆயிற்று?

அதில் ஒரு சங்கடம் வந்தது. இரண்டு பேர் உள்ளே பார்த்து இரண்டு விதமாகச் சொன்னால், யார் சொல்வது சரி? எட்டிப் பார்த்துச் சரிபார்க்க முடியாதே! 1913-ல் அமெரிக்காவின் ஜான் வாட்சன், "உள்ளே பார்த்தது போதும். மனிதன் வெளியே என்ன செய்கிறான் என்பதை மட்டும் கவனிப்போம்" என்று கொடி பிடித்தார். வெகு காலம் அவர் கட்சியே ஓங்கி நின்றது. பிறகு, நினைவு, சிந்தனை எல்லாம் மறுபடியும் பாடத்துக்குள் வந்தன. இன்று மூளையின் மின் அலைகளைக்கூடக் கருவிகள் வரைந்து காட்டுகின்றன.

இங்கே, 1902-ம் ஆண்டில், திருவண்ணாமலை விரூபாட்ச குகைக்கு ஒருவர் வந்தார். பெயர் சிவப்பிரகாசம் பிள்ளை. தத்துவம் படித்த பட்டதாரி. அரசாங்க வருவாய்த் துறையில் உத்தியோகம். அவருடைய முதல் கேள்வி, "நான் யார்?" என்பது.

அப்போது ரமணர் பேசுவது இல்லை. எழுதிக் காட்டி விடை சொன்னார். அந்தக் கேள்வி பதில்களே பிற்பாடு "நான் யார்?" என்ற சிறு நூலாக வெளிவந்தன.

உளவியல் ஆசிரியர், "மனதில் என்ன எண்ணம் தோன்றுகிறது?" என்று கேட்டார். ரமணரோ, "அந்த எண்ணம் யாருக்குத் தோன்றுகிறது?" என்று கேட்கச் சொன்னார். முதல் கேள்வி சாஸ்திரத்துக்கு வழி. இரண்டாவது கேள்வி ஞானத்துக்கு வழி. வழி வேறு, ஆனால் இரண்டும் மனத்தை விட்டு ஓடவில்லை. மனத்தையே பார்க்கச் சொல்கின்றன.

சந்திக்காத இருவர்

இந்த இரண்டு வழிகளும் ஒன்றை ஒன்று சந்திக்கும் வாய்ப்பு ஒரு முறை வந்தது.

சுவிட்சர்லாந்து நாட்டின் புகழ் பெற்ற மனோதத்துவ நிபுணர் கார்ல் யுங், 1937-ம் ஆண்டின் இறுதியில் இந்தியா வந்தார். கல்கத்தா, காசி, அலகாபாத் பல்கலைக்கழகங்கள் அவருக்கு டாக்டர் பட்டம் வழங்கின. தெற்கே திருவனந்தபுரம் வரை போனார். ஆனால், திருவண்ணாமலைக்குப் போகவில்லை!

ஊர் திரும்பிய யுங்கிடம், அவருடைய நண்பர் ஹைன்ரிக் சிம்மர் கேட்ட முதல் கேள்வியே ரமணரைப் பற்றித்தான். சிம்மர் இந்தியத் தத்துவங்களைக் கரைத்துக் குடித்த ஜெர்மன் அறிஞர். ஆனால், அவர் இந்தியாவைப் பார்த்ததே இல்லை. 1943-ல் அவர் இறந்த பிறகு, ரமணரைப் பற்றி அவர் எழுதிய நூலை, 1944-ல் யுங்கே முன்னுரை எழுதி வெளியிட்டார்.

அந்த முன்னுரையில் யுங் ஒரு விஷயத்தை எழுதி இருக்கிறார். ரமணரை அவர் சந்திக்கவில்லை. ஆனால், திருவனந்தபுரத்தில் ரமணரின் சீடர் ஒருவரைச் சந்தித்தார். அவர் சாமியார் அல்ல, எளிய குடும்பஸ்தர். பார்வைக்கு ஓர் ஆரம்பப் பள்ளி ஆசிரியரைப் போல இருந்தார். பல பிள்ளைகளைக் காப்பாற்ற வேண்டிய பொறுப்பு. குடும்ப பாரத்தைச் சுமந்துகொண்டே மன அமைதியோடு இருந்த அந்த மனிதரைச் சந்தித்ததையே பெரும் பேறாக யுங் கருதினார்!

உலகப் புகழ் பெற்ற நிபுணருக்குப் பாடம் சொன்னவர், ஓர் எளிய குடும்பத் தலைவர்.

ஏர்வாடியில் ஒரு விடியற்காலை

பயம் தனி மனிதனுக்கு மட்டும் வருவது இல்லை. மனம் கலங்கிய ஒருவனைக் கண்டால், வீடும் பயப்படுகிறது, ஊரும் பயப்படுகிறது. பயந்த ஊர் என்ன செய்யும்? பார்க்காமல் மறைக்கும். கட்டிப் போடும்.

திருச்சுழியில் இருந்து மேலும் கிழக்கே போனால், அதே வறண்ட சீமையில், கடலோரமாக ஏர்வாடி இருக்கிறது. மன நோயாளிகளைக் குணம் வேண்டி உறவினர்கள் அங்கே அழைத்துப்போவது வழக்கம். அவர்களைத் தங்க வைக்கத் தனியார் காப்பகங்கள் நடந்து வந்தன.

2001 ஆகஸ்டு 6. விடியற்காலையில் ஒரு காப்பகத்தின் கீற்றுக் கொட்டகையில் தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்கள் ஓட முடியவில்லை. சங்கிலியால் கட்டப்பட்டு இருந்தார்கள். 28 பேர் மாண்டுபோனார்கள்.

நாடே அதிர்ந்தது. சுப்ரீம் கோர்ட்டு தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. காப்பகங்கள் மூடப்பட்டன. பிறகு வந்த 2017-ம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், மன நோயாளியை எந்த விதத்திலும் சங்கிலியால் கட்டக் கூடாது என்று தடை விதித்தது. சிகிச்சை பெறுவது ஒவ்வொருவருக்கும் உரிமை என்றது. தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன உளைச்சலில் இருந்தவராகக் கருதி உதவ வேண்டுமே தவிர, தண்டிக்கக் கூடாது என்றும் சொன்னது.

அவர்களைக் கட்டிப் போட்ட உறவினர்கள் எல்லாரும் கல் நெஞ்சக்காரர்கள் அல்ல. என்ன நோய் என்று தெரியாது. எங்கே போவது என்று தெரியாது. தெரியாத இடத்தில்தான் சங்கிலி வேலை செய்தது.

இன்று போவதற்கு இடம் இருக்கிறது. மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. 2022-ல் மத்திய அரசு "டெலி மானஸ்" என்ற தொலைபேசி உதவியைத் தொடங்கியது. எண் 14416. கட்டணம் கிடையாது. இரவு பகல் எந்த நேரமும், தமிழிலேயே பேசலாம். தூக்கம் வரவில்லை, காரணம் இல்லாமல் பயம், வாழவே பிடிக்கவில்லை, எதுவாக இருந்தாலும் சொல்லலாம். வயிற்று வலிக்கு டாக்டரிடம் போகிறோம். மன வலிக்குப் போவதில் வெட்கம் என்ன?

லைப்சிக்கில் இருந்து நம் ஊருக்கு

வுண்டின் சாஸ்திரம் இந்தியாவுக்கு எப்படி வந்தது?

வுண்டிடம் படித்தவர்களில் ஒருவர் மூன்ஸ்டர்பர்க். வில்லியம் ஜேம்ஸ் அழைத்ததன் பேரில் அவர் அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கே அவரிடம் படித்தவர் வங்காளத்தைச் சேர்ந்த நரேந்திரநாத் சென்குப்தா. அவர் தாய்நாடு திரும்பி, 1916-ல் கல்கத்தா பல்கலைக்கழகத்தில் உளவியலுக்கு இந்தியாவின் முதல் துறையை அமைத்தார். சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1943-ல் உளவியல் துறை தோன்றியது.

இப்போது ஆசிரியர் பயிற்சிக்குப் போகிறவர் எவரும் உளவியல் படிக்காமல் வாத்தியார் ஆக முடியாது. "இந்தப் பிள்ளை ஏன் படிக்கவில்லை?" என்று பிரம்பை எடுப்பதற்கு முன், "இவன் மனதில் என்ன இருக்கிறது?" என்று பார்க்க வேண்டும் என்பதற்காகவே அந்தப் பாடம். நோட்டை மூடிவைத்த வெங்கடராமன் மனதில் என்ன இருந்தது என்று 1896-ல் யாரும் கேட்கவில்லை!

ரமண மகரிஷி 1950 ஏப்ரல் 14 அன்று மறைந்தார். திருச்சுழியில் அவர் பிறந்த வீடு இன்றும் இருக்கிறது. சுந்தர மந்திரம் என்று அதற்குப் பெயர். வெளிநாட்டில் இருந்தும் வந்து பார்க்கிறார்கள். வந்தவர்கள் பேசாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போகிறார்கள்.

உளவியல் படிக்கக் கல்லூரிக்குப் போக எல்லாராலும் முடியாது. திருவண்ணாமலை போய்த் தவம் செய்யவும் எல்லாராலும் முடியாது. ஆனால், ஒன்று எல்லாராலும் முடியும்.

இன்று இரவு உங்கள் பிள்ளை, "அம்மா, பயமாக இருக்கிறது" என்று சொன்னால், "பேசாமல் படு!" என்று அதட்டாதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள்.

"எதைக் கண்டு பயம்? நெஞ்சு அடித்துக்கொள்கிறதா? இப்போது எப்படி இருக்கிறது?" என்று கேளுங்கள்.

பிள்ளை தன் மனத்தைத் தானே பார்க்கத் தொடங்கும். நீங்களும் கூட இருந்து பாருங்கள்.